எது சிற்றூர்? – கோடும் கணக்கும்

(படிப்பகக் கூட்டமொன்றில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



சுகாதார ஆராய்ச்சியில் 'சிற்றூர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்திலே சோர்வு படர்வதைக் காண்கிறேன். கல்லூரிப் பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியல்லவா இது, ஊர் ஊராகச் சென்று கொடியேற்றிக் கூட்டம் நடத்துகிற நமக்கு இதிலே என்ன வேலை என்று எண்ணக்கூடும். சிற்றூர் எது என்று நமக்குத் தெரியாதா? ஏரிக்கரையும் களத்துமேடும் அரசமரத்து மேடையும் நாம் பிறந்து தவழ்ந்த இடங்களாயிற்றே!

தெரியும், தோழர்களே. ஆனால் நாம் அறிந்த சிற்றூர் வேறு. ஏட்டிலே எழுதப்பட்டிருக்கும் சிற்றூர் வேறு. துணை சுகாதார நிலையம் எந்த ஊரில் எழவேண்டும், மருத்துவர் எங்கே அமரவேண்டும், எந்தப் பக்கத்தில் எத்தனை குழந்தைகள் இறந்தன என்று எண்ணிச் சொல்லும் ஆராய்ச்சி எந்த எல்லைக்குள் நின்று எண்ணவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது நாம் அறிந்த சிற்றூர் அல்ல, ஏட்டுச் சிற்றூர்தான். ஆகவே ஏட்டைத் திறந்து பார்த்துவிடுவோம்.

இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஏட்டிலே சிற்றூருக்கென்று தனி இலக்கணமே கிடையாது. நகருக்குத்தான் இலக்கணம் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கண்டோன்மெண்ட் என்று சட்டப்படி பெயர் சூட்டப்பட்ட இடமெல்லாம் நகரம். இது முதல் வகை. அப்படிப் பெயர் சூட்டப்படாவிட்டாலும், குறைந்தது 5,000 மக்கள் வாழவேண்டும், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் இருக்கவேண்டும், முதன்மையாக உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது உழவல்லாத தொழிலில் இருக்கவேண்டும் என்ற மூன்று தேர்விலும் தேறிவிட்டால் அதுவும் நகரம். இதற்குக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று பெயர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து சிற்சில மாற்றங்களோடு வழங்கிவரும் இலக்கணம் இது. சரி, சிற்றூர்? இந்த இரண்டு வகையிலும் சேராமல் மிஞ்சியது எதுவோ, அதுவே சிற்றூர்! பந்தி முடிந்தபின் பாத்திரத்தின் அடியிலே மிஞ்சியதைப் போல!

மூன்றாவது தேர்வைச் சற்று நின்று கவனியுங்கள். உழைக்கும் "ஆண்களில்" நூற்றுக்கு 75 பேர்! பெண்களின் உழைப்பு எங்கே போயிற்று? மேற்கு மாவட்டங்களிலே ஒரு ஊரை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள். காட்டு வேலை, களை எடுப்பு, ஆடு மாடு மேய்ப்பு எல்லாம் பெண்கள் தலையிலே. அந்த ஊரின் தரையிலே நடக்கும் வேலையில் பெரும்பகுதி உழவுதான். ஆனால் கணக்கெழுதுபவர் ஆண்களை மட்டும் எண்ணிவிட்டு, "இது நகரம்" என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். பூச்சிமருந்து பட்டு நோய் கொள்கிறவள் அவள். நிறைமாதத்திலே நாற்று நடுகிறவள் அவள். அவளுடைய உடல்நலத்தை ஆராய வருகிற அறிஞர், அவள் வாழும் இடம் நகரம் என்று எழுதப்பட்ட தாளைக் கையிலே வைத்துக்கொண்டுதான் வருவார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீன்பிடிப்பும் ஆடுமாடு வளர்ப்பும் காட்டுத் தொழிலும் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரையில் இந்தத் தேர்வுக்கு 'உழவல்லாத தொழில்' என்ற பக்கத்தில் இருந்தன. 1981இலே அவற்றை உழவின் பக்கம் தூக்கி வைத்தார்கள். கடல் நகரவில்லை, கட்டுமரம் நகரவில்லை, மீனவர் நகரவில்லை. தாளிலே ஒரு வரி நகர்ந்தது, அவ்வளவுதான்.

வரி நகர்ந்தால் ஊர் நகரும் என்பதற்கு நம்முடைய தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2004ஆம் ஆண்டிலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகள் என்று அரசு மாற்றி அமைத்தது. ஊரக வளர்ச்சிக்கென மத்திய அரசு ஒதுக்கும் பணம் அவற்றுக்கும் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். 2006இலே மீண்டும் அவை பேரூராட்சிகள் ஆயின. அந்த இரண்டாண்டுக் காலத்திலே அந்த ஊர்களின் தெருக்கள் மாறினவா? கிணறுகள் மாறினவா? பிள்ளை பெறுவதற்குப் போகும் வழி மாறிற்றா? ஓர் ஆணையினால் நகரமாயிருந்தது சிற்றூராயிற்று. இன்னோர் ஆணையினால் சிற்றூராயிருந்தது நகரமாயிற்று. இதை நான் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. பணம் எந்தக் கதவு வழியே வருகிறதோ அந்தக் கதவண்டை மக்களை அழைத்துச் செல்வது ஆட்சியாளர் வேலைதான். நான் சொல்லவருவது, இந்தக் கோடு வரி வசூலுக்காகவும் மானியத்துக்காகவும் நிர்வாகத்துக்காகவும் போடப்பட்ட கோடு என்பதை. காய்ச்சலையும் பிரசவத்தையும் அளப்பதற்காக இதை யாரும் போடவில்லை. ஆனால் அளக்கிறவர்கள் கையிலே இருப்பது இந்தக் கோல்தான்!

மக்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஊராட்சிகள் பலவற்றை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களிலே மக்கள் வேண்டாம் என்று திரண்டார்கள். நகரம் என்ற பெருமை அவர்களுக்குக் கசந்ததா? இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு நாள் வேலை அப்போது ஊரகத்துக்கே உரியதாக இருந்தது. பெயர் மாறினால் அந்த வேலை போகும், வீட்டு வரி ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது சோற்றுப் பிரச்சினை என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

இனி மாவட்டங்களைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 48 பேர் நகர மக்கள். சென்னை முழுவதும் நகரம், அதைச் சொல்லவேண்டியதில்லை. சென்னைக்கு அடுத்தபடி நகரமயமான மாவட்டம் எது? ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த கோவை என்றுதான் எவரும் சொல்வார்கள். அல்ல! கன்னியாகுமரி! அங்கே நூற்றுக்கு 82 பேர் நகர மக்கள். கோவையிலே நூற்றுக்கு 76 பேர்தான். கன்னியாகுமரியின் தென்னந்தோப்பையும் இரப்பர்த் தோட்டத்தையும் அலைவாய்க் கரையோர மீனவர் ஊர்களையும் பார்த்தவர்கள், இதுவா நகரம் என்று கேட்பார்கள். பேரூராட்சிகள் அடுத்தடுத்து அமைந்த மாவட்டம் அது, பேரூராட்சி என்றால் நகரம், கதை முடிந்தது. வீடுகள் நெருங்கி, சாலைகள் நல்லனவாய், பள்ளிகள் நிறைந்த மாவட்டந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மாவட்டத்து மலையடிவாரத்திலே காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. "நூற்றுக்கு 82" என்ற எண்ணின் நிழலிலே அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

நீலகிரிக்கு ஏறிப் பாருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடி மக்களும் வாழும் மலை மாவட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கிலே அங்கே நூற்றுக்கு 59 பேர் நகர மக்கள்! மதுரை மாவட்டத்துக்கு ஏறத்தாழச் சமம்! கூடலூரை அடுத்த ஓவேலி, சட்டப்படி பேரூராட்சி, ஆகவே நகரம். தேயிலைத் தோட்டமும் காடும் யானை நடமாட்டமும் உள்ள நகரம்! மாலை மங்கியபின் ஒரு தாய்க்கு வலி கண்டால், அந்த நகரத்து மக்கள் முதலில் பார்ப்பது வழியிலே யானை நிற்கிறதா என்று. தேசிய அளவில் நடக்கும் ஆய்விலே அந்தத் தாய் அகப்பட்டால், அவளையும் அண்ணாநகரிலே வாழும் தாயையும் 'நகர்ப்புறம்' என்ற ஒரே கட்டத்துக்குள் எழுதுவார்கள். இருவரின் கணக்கையும் கூட்டி இரண்டால் வகுத்து, நகரத்துத் தாய்மார் நலமாயிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அண்ணாநகர்த் தாய் நலமாயிருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஓவேலித் தாய்க்கு அதனால் என்ன கிடைத்தது?

நான் கூட்டி வகுப்பதைப் பற்றிச் சொன்னேன். அதிலே ஒரு மாயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டுகிறேன். ஏனெனில் மேடைகளிலே புள்ளிவிவரத்தை வீசி எறிகிறவர்கள், நம்மவரோ மாற்றாரோ, பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு பேச்சுக்காக, ஐந்து ஊர்களை வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். மூன்று சிற்றூர்கள், அவற்றிலே ஓராண்டு நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் முறையே 20, 30, 40. சராசரி 30. இரண்டு நகரங்கள், அவற்றிலே 8, 14. சராசரி 11. இப்போது, அந்த மூன்று சிற்றூர்களில் சற்று வளமான ஊர், 20 குழந்தைகள் இறந்த ஊர், பெரிதாகி 'நகரம்' என்று எழுதப்படுகிறது. மிஞ்சிய சிற்றூர்கள் இரண்டு: 30, 40. சராசரி 35. நகரங்கள் மூன்று: 8, 14, 20. சராசரி 14. என்ன ஆயிற்று? சிற்றூரின் கணக்கு 30லிருந்து 35 ஆகக் கெட்டது. நகரின் கணக்கும் 11லிருந்து 14 ஆகக் கெட்டது. இரு பக்கமும் கெட்டுவிட்டது! ஆனால் ஒரு குழந்தைகூட அதிகமாக இறக்கவில்லை. ஒரு பெயர்ப்பலகையை மாற்றினோம், அவ்வளவுதான். தலைகீழாக, அந்த ஊரைத் திரும்பவும் சிற்றூர் என்று எழுதிவிட்டால் இரு பக்கமும் 'முன்னேறி'விடும். ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றாமல்! சாதனைப் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான மருந்து வேறு உண்டா?

இது வெறும் பேச்சுக்கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டிலே அங்கே நகர மக்கள் நூற்றுக்கு 26 பேர். 2011ஆம் ஆண்டிலே நூற்றுக்கு 48 பேர்! பத்தாண்டிலே கேரள மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைக் காலி செய்து நகரத்துக்கு ஓடினார்களா? இல்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கணக்கெடுப்பு நகரங்கள் 99 ஆக இருந்தவை 461 ஆயின. ஊர்கள்தாம் தேர்விலே தேறின, மக்கள் நகரவில்லை. இந்நிலையிலே, 2001ஆம் ஆண்டின் கேரளச் சிற்றூரையும் 2011ஆம் ஆண்டின் கேரளச் சிற்றூரையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்து, சுகாதாரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஒருவர் கட்டுரை எழுதினால், அவர் ஒப்பிடுவது ஒரே பொருளை அல்ல. நேற்றைய படத்திலே இருந்தவர்களில் பலர் இன்றைய படத்திலே இல்லை. இந்தியா முழுவதிலும் பார்த்தாலும் 2001இலே 1,362 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011இலே 3,894 ஆயின.

இந்தக் கணக்கெடுப்பு நகரங்கள் இருக்கின்றனவே, அவற்றின் நிலை திரிசங்கு நிலை! கணக்கெடுப்புக்கு அவை நகரம். உள்ளாட்சிச் சட்டத்துக்கு அவை ஊராட்சி. ஊராட்சித் தலைவர்தான் ஆளுகிறார். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த கணக்கு வேறு: 10,000 பேருக்குக் குறைந்தால் ஊரகம். சுகாதாரத் துறைக்கோ இன்னொரு கணக்கு: 2005இலே தொடங்கியது ஊரக சுகாதார இயக்கம், 2013இலே வந்த நகர்ப்புற சுகாதார இயக்கம் பொதுவாக 50,000 மக்களுக்கு மேற்பட்ட நகர்களையே எடுத்துக்கொண்டது, அதற்குக் குறைந்தவை ஊரக இயக்கத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஏழாயிரம் பேர் வாழும் ஓர் ஊர், கணக்கெடுப்பு அலுவலர் வரும்போது நகரமாகவும், செவிலியர் வரும்போது சிற்றூராகவும் இருக்கிறது!

ஆராய்ச்சியாளருக்கு இதனால் என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த ஊரிலே நடக்கும் பிரசவங்களை ஆரம்ப சுகாதார நிலையம் ஊரகப் பதிவேட்டிலே எழுதுகிறது. அந்த ஊர் மக்களின் தொகையோ கணக்கெடுப்பிலே நகரப் பக்கத்தில் இருக்கிறது. மேலே வைக்கும் எண் ஒரு ஏட்டிலிருந்து, கீழே வைத்து வகுக்கும் எண் இன்னொரு ஏட்டிலிருந்து! இவ்வளவு பெண்களுக்கு இவ்வளவு பிரசவம் என்று கணக்கிட்டால், ஊரகத்திலே நடந்தது உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஊரகம் நிறைந்துவிட்டது, இனி நிலையங்கள் வேண்டாம் என்று சொல்ல அந்தத் தோற்றம் போதும்.

ஏடு பழையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2011ஆம் ஆண்டிலே எவை கணக்கெடுப்பு நகரங்கள் என்பது 2001ஆம் ஆண்டு விவரங்களை வைத்து முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. 2021இலே நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனிலே அறிவிக்கப்பட்டது. இடையிலே, 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2011ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்துதான் தன் ஊர்களைத் தெரிந்தெடுத்தது. அந்த ஆய்வின்படி, இந்தியாவிலே உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை நகர்ப்புறத்திலே 26.6, ஊரகத்திலே 38.4. பெரிய இடைவெளி, வெட்கப்படவேண்டிய இடைவெளி. அது உண்மையன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ஊரகம்' என்ற சொல்லின் பின்னே இருப்பது, பல இடங்களிலே இருபதாண்டுக்கு முன் ஓர் ஊரின் ஆண்கள் என்ன வேலை செய்தார்கள் என்ற பழைய கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமல்லவா?

கோட்டைச் சற்று இழுத்தால் நாடே மாறிவிடும். 2016–17ஆம் ஆண்டு இந்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே இதைச் சொல்லுகிறது. இப்போதுள்ள இலக்கணப்படி 2011இலே இந்தியாவில் நூற்றுக்கு 31 பேர் நகரத்தார். மற்றத் தேர்வுகளை விட்டுவிட்டு 5,000 மக்கள் என்ற ஒன்றை மட்டும் வைத்தால் நூற்றுக்கு 47 பேர். 2,500 மக்கள் என்று வைத்தால் நூற்றுக்கு 65 பேர்! 'சிற்றூர்களின் நாடு' என்றும் 'நகரங்களின் நாடு' என்றும் ஒரே நாட்டை, ஒரே ஆண்டிலே, ஒரே மக்களை வைத்துக்கொண்டு சொல்லலாம்.

நம் நாட்டிலேதான் இந்தக் குழப்பம் என்று எண்ணவேண்டாம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே மத்திய அரசின் அலுவலகங்களே பல கோடுகள் வைத்திருக்கின்றன. 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கணக்கெடுப்பு நிறுவனத்தின் கோட்டை எடுத்தால் ஊரக மக்கள் ஏறத்தாழ 6 கோடி. வரவு செலவு அலுவலகம் வகுத்த பெருநகர மாவட்டக் கோட்டை எடுத்து, அதற்கு வெளியே உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம். இடையிலே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் காணாமற் போகிறார்கள். இந்த இரண்டாவது கோடு மாவட்டத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும். அரிசோனா மாநிலத்திலே, உலகம் வியக்கும் கிராண்ட் கன்யான் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அது அமைந்துள்ள கோகோனினோ மாவட்டம் முழுவதும் பெருநகரப் பகுதி! ஃபிளாக்ஸ்டாஃப் என்ற நகரம் அதிலே இருப்பதால் பள்ளத்தாக்கும் பெருநகரமாயிற்று. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மாவட்டம் தமிழ்நாட்டின் பரப்பிலே ஐந்தில் இரண்டு பங்கு, பெரும்பகுதி பாலைவனம், அதுவும் பெருநகரம்! அந்தப் பாலையிலே மாரடைப்பு கண்டவன், ஆராய்ச்சிக் கட்டுரையிலே பெருநகர நோயாளி.

இதை அவர்கள் உணராமலில்லை. மாவட்டத்தை விட்டுவிட்டு, அதனினும் சிறிய கணக்கெடுப்புப் பகுதிகளை எடுத்து, அங்கிருந்து மக்கள் வேலைக்கு எங்கே போகிறார்கள் என்று பார்த்துப் படிநிலை வகுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத்திலே சிறிய ஊரக மருத்துவமனைகளுக்குத் தனி உதவி அளிக்க முற்பட்டபோது இன்னொரு படி மேலே போனார்கள். அடுத்த மருத்துவமனை எத்தனை கல் தொலைவு என்று கேட்டார்கள். சாதாரணமாக 35 மைல். மலைப்பாங்கான வழியென்றால் 15 மைல். ஊரக மருத்துவமனைகள் பல அங்கே மூடப்பட்டு வருவதையும் நாம் அறிவோம். ஆகவே அவர்களைக் கண்மூடிப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலே எவ்வளவு தூரம்?

நம்முடைய விதியிலே அந்தக் கேள்வி அரைகுறையாக இருக்கிறது. சமவெளியிலே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு ஒன்று; மலையிலே 20,000 பேருக்கு. மலைக்குத் தனிச் சலுகை தந்தார்கள், வரவேற்கிறேன். ஆனால் எண்ணுவது தலைகளைத்தான், தூரத்தையன்று. கொல்லிமலைக்கு ஏறும் பாதையிலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 3,000 பேர் எத்தனை மடிப்புகளில், எத்தனை ஓடைகளுக்கு அப்பால் சிதறி வாழ்கிறார்கள் என்பது அந்த எண்ணிலே தெரியாது. 3,000 பேர் ஒரே தெருவிலே வாழ்ந்தாலும் ஒரு நிலையம். முப்பது குடியிருப்புகளில் வாழ்ந்தாலும் ஒரு நிலையம்.

குடியிருப்பு என்றேன். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. ஏட்டிலே 'கிராமம்' என்று இருப்பது வருவாய்த் துறையின் கிராமம். நில வரி வாங்குவதற்காக வெள்ளையன் காலத்திலே அளந்து கல் நட்ட எல்லை. தமிழ்நாட்டிலே ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். அவற்றுக்குள்ளே 79,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். ஓர் ஊராட்சிக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறும் ஒன்றா? ஊர் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒரு பக்கம், இடையிலே வாய்க்கால். சில இடங்களிலே இடையிலே சுவரே எழுப்பினார்கள்! நிலையம் எங்கே கட்டப்பட்டது? பெரும்பாலும் ஊர்ப் பக்கத்திலே. பேருந்து எங்கே நிற்கிறது? ஊர்ப் பக்கத்திலே. கிராமத்தின் சராசரியை எடுத்தால் நிலையம் இருக்கிறது, தூரம் அரைக் கல் என்று எழுதப்படும். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து மழைக்காலத்திலே வரவேண்டியவளுக்கு அந்த அரைக் கல் எவ்வளவு நீளம் என்பதை எந்த ஏடு எழுதுகிறது? நகரம், சிற்றூர் என்ற ஒரே கோட்டைப் பற்றியே ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். சிற்றூருக்குள்ளேயே ஓடும் இந்தக் கோடு அவர்கள் ஏட்டிலே இல்லை.

மருத்துவர்கள் இந்தச் சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரையில் போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அரசுப் பணியிலே இருந்துகொண்டு மேற்படிப்புக்குப் போகும் மருத்துவர்கள், தொலைவான, கடினமான பகுதிகளிலே பணியாற்றியிருந்தால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம், முப்பது வரையில், ஊக்க மதிப்பெண் பெறலாம் என்பது விதி. 2016ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் அது நாடெங்கும் பேசப்பட்டது. எது கடினமான பகுதி? அதை வகுக்கவேண்டியது மாநில அரசு. உடனே எழுந்தது வழக்கு. என் நிலையம் கடினமானது, உன் நிலையம் கடினமன்று என்று! மருத்துவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் எதிர்காலம் அதிலே தொங்குகிறது. ஆனால் கவனியுங்கள்: மருத்துவருக்கு ஓர் ஊர் எவ்வளவு கடினம் என்று கேட்டு வழக்காட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அந்த ஊரிலே பிறந்து அங்கேயே வாழ்கிறவனுக்கு எவ்வளவு கடினம் என்று கேட்டு வழக்காட யார் இருந்தார்கள்?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எல்லாரும் ஒரே கோட்டை ஏற்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது முடியாது, வேண்டியதுமில்லை. பாம்புக்கடியை ஆராய்கிறவருக்கு வயலும் வரப்பும் வேண்டும். ஆண், பெண் இருவரின் வேலையும் தெரியவேண்டும். பிரசவத்தை ஆராய்கிறவருக்கு, இரத்தம் ஏற்றி அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு இரவிலே எத்தனை மணி நேரம் என்பது வேண்டும். சர்க்கரை நோயை ஆராய்கிறவருக்கு ஊரின் கடைத்தெருவும் வேண்டும். மாத்திரை மாதந்தோறும் கைக்கு வருகிறதா என்பதும் வேண்டும். கேள்வி வேறானால் கோடும் வேறாகத்தான் இருக்கும். நாம் கேட்பது, எந்தக் கோட்டை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், வேறு கோட்டை எடுத்திருந்தால் முடிவு மாறுமா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள் என்பதே. 'ஊரகம்' என்று ஒரே சொல்லிலே முடித்துவிட்டுப் போகாதீர்கள் என்பதே.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்தபோது, மலையா, காடா, வயலா, கடலா, வறண்ட வழியா என்று பார்த்தார்கள். அங்கே மனிதன் என்ன உண்கிறான், என்ன தொழில் செய்கிறான் என்று பார்த்தார்கள். அதையே இன்று அப்படியே எடுத்துச் சுகாதாரத் துறையிலே புகுத்திவிட முடியாது. பழம்பெருமை பேசிப் பொழுது போக்குவதற்காகவும் இதைச் சொல்லவில்லை. மீனவன் ஊரும் மலையாளி ஊரும் உழவன் ஊரும் ஒன்றல்ல என்பது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய செய்தியல்ல என்பதற்காகச் சொல்கிறேன். கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைத்தான் குறிப்பிடுகிறேன். பக்கத்து மாநிலத்தாரை அல்ல!

அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளிவந்ததும், எத்தனையோ ஊர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கும். அப்போது, ஊரகச் சுகாதாரம் உயர்ந்தது என்று ஒருவர் முழங்குவார். தாழ்ந்தது என்று இன்னொருவர் முழங்குவார். இருவரிடமும் நீங்கள் கேட்கவேண்டியது, 2011இலே ஊரகமாயிருந்த அதே ஊர்களை வைத்துக் கணக்குப் போட்டீர்களா என்ற ஒரு கேள்வியை. அதைக் கேட்க வேண்டுமானால் நம் கையிலும் கணக்கு இருக்கவேண்டும். ஆகவே ஒன்றியத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஒன்றியத்துக் குடியிருப்புகளின் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். ஊராட்சிகளின் பட்டியல் போதாது, குடியிருப்புகளின் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே துணை நிலையத்துக்கு நடந்தால் எத்தனை நிமிடம், மழையிலே வழி உண்டா, 108 வண்டி வாசல் வரை வருமா, இரவிலே அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று நான்கு பத்திகள் போதும். கிராம சுகாதார செவிலியரையும், அண்மையிலே பிள்ளை பெற்ற தாய்மார் இருவரையும் கேட்டு எழுதுங்கள். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள குடியிருப்பை முதலில் எழுதுங்கள்.